ஆலன் ஐவர்சன்: அந்த இரண்டு நிமிட வீடியோவுக்கு வெளியே

மே 7, 2024, காலை

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் முன்னாள் வீரர் ஆலன் ஐவர்சனைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டது: "இன்றோடு 22 வருஷம். அந்த 'பிராக்டீஸ்' வீடியோவை இன்னும் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். பயிற்சிக்கே ஒழுங்காக வராத, ஒரு கோப்பைகூட வாங்காத, 17 வயதிலேயே சிறைக்குப் போன ஒருவரை ஏன் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள்? ஷூட்டிங் வெறும் 42 சதவீதம். திறமை இருந்தது, ஒழுக்கம் இல்லை. இதற்கு மேல் என்ன இருக்கிறது?"

மே 7, இரவு

நிறைய இருக்கிறது. ஒரே மூச்சில் எழுத முடியாது, தோன்றத் தோன்ற எழுதுகிறேன்.

முதலில் அந்த வீடியோ. 2002 மே 7. ஐவர்சன் ஆடிய பிலடெல்ஃபியா சிக்ஸர்ஸ் அணி முதல் சுற்றிலேயே பாஸ்டனிடம் தோற்று வெளியேறி சில நாட்கள்தான் ஆகின்றன. முந்தைய வருஷம் இறுதிப் போட்டி வரை போன அணி. ஐவர்சன் பயிற்சிக்குச் சரியாக வருவதில்லை என்று கோச் லாரி பிரவுன் வெளிப்படையாகவே குறைப்பட்டிருந்தார். ஐவர்சனை வேறு அணிக்குக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சும் ஓடியது. அன்று பத்திரிகையாளர்கள் மறுபடி மறுபடி பயிற்சியைப் பற்றியே கேட்க, இவர் பொறுமை இழந்து, "மேட்ச் இல்லை, நான் உயிரைக் கொடுத்து ஆடுகிற மேட்ச் இல்லை, பிராக்டீஸைப் பற்றியா பேசிக்கொண்டிருக்கிறோம்?" என்கிறார். அந்தச் சொல்லை 20 தடவைக்கு மேல் சொல்கிறார். எதிரே இருப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

நான் இதை முதலில் பார்த்தது எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில், 2007 வாக்கில். ஹெட்போனில் ஒரு பக்கம் மட்டும்தான் கேட்கும். வீடியோ நின்று நின்று ஓடும். நானும் சிரித்தேன்.

முழுப் பேட்டியைப் பல வருஷம் கழித்துத்தான் கேட்டேன். அதே பேட்டியில் ஓரிடத்தில் அவர் சொல்கிறார்: என் நெருங்கிய நண்பனை இழந்தேன், இந்த வருஷத்தையும் இழந்தேன், எனக்கு எல்லாமே சரிந்துகொண்டே போகிறது என்று. சுற்றுகிற வீடியோவில் அந்த இடம் இருக்காது. சில வாரங்களுக்கு முன்புதான் அவருடைய நண்பர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். துக்கத்தில் இருந்த ஒரு மனிதனின் பேச்சிலிருந்து சிரிப்பு வருகிற பகுதியை மட்டும் வெட்டி எடுத்து 22 வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த வீடியோவை நானே ஒரு தடவை தப்பாகப் பயன்படுத்தியிருக்கிறேன். அதைப் பிறகு எழுதுகிறேன். இன்று முடியவில்லை.

மே 8

நேற்று அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டேன். ஒருவர் சுட்டிக்காட்டினார், நன்றி. நண்பர் கொல்லப்பட்டது 2001 அக்டோபரில். பேட்டிக்கு ஏழு மாதம் முன்பு, "சில வாரங்கள்" இல்லை. அதாவது அந்த சீசன் தொடங்குகிற நேரத்தில் நடந்தது. முழு சீசனையும் அந்தத் துக்கத்தோடுதான் ஆடியிருக்கிறார்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பயிற்சிக்கு அவர் ஒழுங்காக வரவில்லை என்பது உண்மைதான். பிரவுன் பொய் சொல்லவில்லை. நண்பர் சாவதற்கு முன்பிருந்தே அந்தப் புகார் இருந்தது. 2000 கோடையிலேயே ஐவர்சனை டெட்ராய்ட் அணிக்கு அனுப்ப ஏற்பாடு முடிந்திருந்தது. அந்தப் பரிமாற்றத்தில் போக வேண்டிய இன்னொரு வீரர் மேட் கைகர், தன் ஒப்பந்தத்தில் இருந்த தொகையை விட்டுத்தர மறுத்ததால்தான் கைகூடாமல் போனது. அது நடந்திருந்தால் 2001 என்கிற வருஷமே பிலடெல்ஃபியாவுக்கு இல்லை.

நானும் சாயங்காலம் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறவன். பத்துப் பேர் வெயில் தாழ வந்து நிற்கும்போது நல்லா ஆடுகிற ஒருவன் மட்டும் வராமல் இருந்தால் மற்ற ஒன்பது பேரின் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். பிரவுனின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பேட்டியில் ஐவர்சன் பேசியது சோம்பேறித்தனத்தைப் பற்றி மட்டும்தான் என்று இனிமேல் என்னால் சொல்ல முடியாது.

மே 9

"17 வயதிலேயே சிறைக்குப் போனவர்" என்கிற வரிக்கு வருகிறேன். இதைச் சுருக்கமாகச் சொல்லக் கூடாது.

வர்ஜீனியா மாநிலம், ஹாம்ப்டன் ஊர். 1975 ஜூன் 7 அன்று ஐவர்சன் பிறந்தபோது அவருடைய அம்மா ஆனுக்கு வயது 15. வறுமையில் வளர்ந்தார். பெதெல் உயர்நிலைப் பள்ளியில் அமெரிக்கன் ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக், கூடைப்பந்தில் பாயிண்ட் கார்டு, இரண்டுமே ஆட்டத்தை நடத்துகிற இடம். 1992-93 பள்ளியாண்டில் இரண்டு அணிகளுமே மாநிலச் சாம்பியன். இரண்டையும் நடத்தியது ஒரே பையன். அவனுக்கு முதலில் பிடித்தது ஃபுட்பால்தான்.

1993 பிப்ரவரி 14. ஊரில் ஒரு பௌலிங் கூடம். ஐவர்சனும் நண்பர்களும் அங்கே போகிறார்கள். இவர்கள் கறுப்பினப் பையன்கள், இன்னொரு பக்கம் வெள்ளையினப் பையன்கள். வாய்ச்சண்டை கைகலப்பாகிறது, நாற்காலிகள் பறக்கின்றன. கைதானவர்கள் நான்கு பேர். நான்கு பேருமே கறுப்பினத்தவர்கள். ஐவர்சன் நாற்காலியால் ஒரு பெண்ணின் தலையில் அடித்தார் என்பது குற்றச்சாட்டு. சண்டை தொடங்கியதுமே தன்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அவர் சொன்னார்.

இதில் என் மனதை அறுப்பது அந்தச் சட்டப் பிரிவு. கும்பலாகச் சேர்ந்து ஊனப்படுத்துதல் என்கிற பிரிவு அது. கறுப்பின மக்களை வெள்ளையினக் கும்பல்கள் அடித்தும் தூக்கிலிட்டும் கொன்ற காலத்தில், அதைத் தடுப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட சட்டம். அதே சட்டத்தை எடுத்து 17 வயதுக் கறுப்பினப் பையன் மேல் போட்டார்கள். வயது வந்தவராகவே கருதி விசாரித்தார்கள். தண்டனை 15 வருஷம், அதில் 10 வருஷம் நிறுத்திவைப்பு. மிச்சம் ஐந்து வருஷம் உள்ளே. ஊர் இரண்டாகப் பிளந்தது. பந்தாட்டக்காரன் என்பதற்காக விட்டுவிடுவதா என்று ஒரு பக்கம், வெள்ளைப் பையன்களில் ஒருவனைக்கூடப் பிடிக்கவில்லையே என்று இன்னொரு பக்கம்.

நியூபோர்ட் நியூஸ் நகரச் சிறைப் பண்ணையில் நான்கு மாதம் இருந்தார். 1993 டிசம்பரில் ஆளுநர் டக்ளஸ் வைல்டர் மன்னித்து வெளியே விட்டார். அமெரிக்காவில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் கறுப்பின ஆளுநர் வைல்டர். அவர் பதவிக்காலம் முடியச் சில வாரங்களே இருந்தன. வேறொருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பேன்.

பள்ளியின் கடைசி வருஷத்தில் அவர் எந்த அணியிலும் ஆடவில்லை. வேறொரு பள்ளியில் படிப்பை முடித்தார். கல்லூரிகள் பின்வாங்கின. அம்மா நேராக ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கோச் ஜான் தாம்ப்சனிடம் போய் என் மகனைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டார். தாம்ப்சன் சேர்த்துக்கொண்டார்.

மே 9, பின்னிரவு

"மன்னிப்பு என்றாலே குற்றம் செய்தார் என்றுதானே அர்த்தம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாதியில் விட்டதால் வந்த கேள்வி இது. ஆளுநரின் மன்னிப்பு வேறு, நீதிமன்றத் தீர்ப்பு வேறு. 1995இல் வர்ஜீனியா மேல்முறையீட்டு நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லை என்று தீர்ப்பையே ரத்து செய்தது. அவர் மேல் அந்த வழக்கில் இன்று எந்தத் தண்டனையும் இல்லை. "சிறைக்குப் போனவர்" என்று எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள். அதுதான் என் வேண்டுகோள்.

மே 11

சரி, கொஞ்சம் ஆட்டத்துக்கு வருவோம். ஆட்டம் இல்லாவிட்டால் இந்தப் பேச்சே இல்லை.

1997 மார்ச் 12, பிலடெல்ஃபியா. அந்தப் பருவத்துக்கு முன் லீக் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஐவர்சனுக்கு அது முதல் சீசன், வயது 21. எதிரே சிகாகோ புல்ஸ். ஐவர்சன் நடுவில் தனியாக நிற்க, சிகாகோ கோச் ஃபில் ஜாக்சன் மைக்கேல் ஜோர்டானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நீ போய்ப் பிடி என்கிறார். பந்து ஐவர்சனின் கையில்.

இதை நூறு தடவையாவது மெதுவாக ஓட்டிப் பார்த்திருப்பேன். முதலில் ஒரு சின்ன கிராஸ் ஓவர், அதாவது பந்தைத் தட்டிக்கொண்டே ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சட்டென்று மாற்றுவது. வலக்கைக்கும் இடக்கைக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. அது ஏமாற்றுவதற்கு இல்லை, ஜோர்டான் அசைகிறாரா என்று தொட்டுப் பார்ப்பதற்கு. ஜோர்டானின் இடுப்பு லேசாகத் திரும்புகிறது. அவ்வளவு போதும். ஐவர்சன் பந்தை மறுபடி இடது பக்கம் கொண்டுபோகிறார். இந்தத் தடவை பந்து மட்டும் போகவில்லை, தோள், தலை, கண் எல்லாமே போகின்றன. உடம்பு முழுக்க இடது பக்கம்தான் போகப் போகிறது என்று யாரும் சத்தியம் செய்வார்கள். அந்த நொடியில் பந்து தரையோடு தரையாக வலது பக்கம் வந்துவிடுகிறது. ஜோர்டானின் கால்கள் பின்னிக்கொள்கின்றன. ஐவர்சன் எழும்பி அடிக்கிறார், வலைக்குள் விழுகிறது.

எல்லாரும் சொல்லாமல் விடுகிற ஒன்று: அவ்வளவு ஏமாந்த பிறகும் ஜோர்டான் திரும்பிப் பாய்ந்து அந்தப் பந்தைத் தொட்டுவிடப் பார்த்தார், மயிரிழையில் தவறியது. அன்று ஐவர்சன் 37 புள்ளி எடுத்தார், மேட்சை ஜெயித்தது சிகாகோ, 108-104.

இன்னொரு விஷயம். இந்த கிராஸ் ஓவரை அவர் எங்கே கற்றார் தெரியுமா? ஜார்ஜ்டவுனில். அணியில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்திருந்த டீன் பெர்ரி என்கிற மாணவர் தன்னை இதே மாதிரி ஏமாற்றிக்கொண்டே இருந்தாராம், எப்படிச் செய்கிறாய் என்று கேட்டுக் கற்றுக்கொண்டதாக ஐவர்சனே சொல்லியிருக்கிறார். கற்றுக்கொண்டது எங்கே? பிராக்டீஸில்.

மே 12

42 சதவீதம் பற்றி.

எண் சரி. 2000-01 சீசனில் அவர் அடித்த நூறு பந்தில் 42 உள்ளே போயின. அதே சீசனில் சராசரி 31.1 புள்ளி, லீக்கிலேயே முதலிடம், அப்புறம் சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருது. ஆறடி உயரம், 75 கிலோ. எம்.வி.பி. வாங்கியவர்களிலேயே உயரம் குறைந்தவர் அவர்தான்.

அந்த அணியின் அமைப்பைப் பாருங்கள். எரிக் ஸ்னோ, ஆரன் மெக்கீ, ஜார்ஜ் லிஞ்ச், டைரோன் ஹில், பிப்ரவரியில் வந்து சேர்ந்த டிகெம்பே முடோம்போ. எல்லாருமே தடுப்பாட்டத்தில் கெட்டிக்காரர்கள். தானாகப் புள்ளி உருவாக்கக்கூடியவர் என்று ஒருவரைக்கூடக் காட்ட முடியாது. பிரவுன் வேண்டுமென்றேதான் அப்படிக் கட்டினார்: நான்கு பேர் தடுங்கள், ஒருவன் அடிக்கட்டும். 24 நொடிக்குள் பந்தை அடித்தாக வேண்டிய ஆட்டத்தில் வேறு வழியே இல்லாமல் கடைசியில் கைக்கு வருகிற பந்தையெல்லாம் அடிப்பவனுக்குச் சதவீதம் எப்படி ஏறும்? எங்கள் அணியில் எல்லாரும் கைவிட்ட பந்தை அடிக்கிற வேலை நான்கு வருஷம் என்னுடையது. அதனால் இதில் எனக்குச் சார்பு உண்டு, மறைக்கவில்லை.

அந்த அணி 56 மேட்ச் ஜெயித்தது. ஐவர்சன் எம்.வி.பி., முடோம்போ சிறந்த தடுப்பாளர், மெக்கீ சிறந்த ஆறாவது ஆட்டக்காரர், பிரவுன் சிறந்த கோச். நான்கு விருதும் ஒரே அணிக்கு. பிறகு கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றுகளில் டொராண்டோவோடு ஏழு மேட்ச், மில்வாக்கியோடு ஏழு மேட்ச். டொராண்டோவுக்கு எதிராக ஒரு மேட்சில் 54, இன்னொன்றில் 52. மில்வாக்கி தொடரில் வால் எலும்பில் அடிபட்டு ஒரு மேட்ச் உட்கார்ந்தார், கடைசி மேட்சில் 44 எடுத்தார்.

பிறகு லாஸ் ஏஞ்சலீஸ். ஷாக்கீல் ஓ'நீல், கோபி பிரையன்ட் இருந்த லேக்கர்ஸ், அந்த வருஷ பிளே-ஆஃபில் 11 மேட்ச் ஆடி 11ம் ஜெயித்திருந்தது. இறுதிப் போட்டியின் முதல் மேட்சில் ஐவர்சன் 52 நிமிடம் ஆடினார். 41 தடவை அடித்து 18 உள்ளே, மொத்தம் 48 புள்ளி. ஓவர்டைமில் பிலடெல்ஃபியா 107-101. லேக்கர்ஸ் வீரர் டைரன் லூவைத் தாண்டிக் கால் வைத்து நடந்த அந்தக் காட்சியும் இதே மேட்சில்தான். மூலையில் நின்று பந்தை அடித்தார், தடுக்க வந்த லூ விழுந்துகிடந்தார், பந்து உள்ளே போனதும் ஐவர்சன் அவரைக் குனிந்து பார்த்துவிட்டு ஒரு காலைத் தூக்கித் தாண்டி வைத்தார்.

அடுத்த நான்கையும் லேக்கர்ஸ் ஜெயித்தது. 4-1. அந்த பிளே-ஆஃப் முழுக்க லேக்கர்ஸ் தோற்றது அந்த ஒரே மேட்ச்.

கோப்பை இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

மே 12, இரவு

லூவைப் பற்றி ஒரு சின்னச் சேர்க்கை. அந்தத் தொடருக்கு முன் லேக்கர்ஸ் பயிற்சியில் ஐவர்சனாக ஆடிக்காட்டுகிற வேலை லூவுக்குத்தான். தன் அணி எதிராளியைப் படிப்பதற்காக நாள் முழுக்க அவரைப் போலவே ஓடியவர். 2016இல் கிளீவ்லண்டின் கோச்சாக இருந்து கோப்பை வாங்கினார். அவரை அந்த ஒரு படத்தில் விழுந்துகிடக்கிறவராக மட்டும் பார்ப்பதும் ஐவர்சனை ஒரு வீடியோவில் மட்டும் பார்ப்பதும் ஒரே தப்புதான்.

மே 14

தலைமுடி, பச்சை குத்தியது, சங்கிலி பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

சீராக ஆடிக்கொண்டிருந்த லீக்குக்குள் பின்னல் போட்ட தலை, கை முழுக்கப் பச்சை, தொளதொள கால்சட்டையோடு ஆடினார். லீக்கின் சொந்தப் பத்திரிகை அவரை அட்டையில் போட்டபோது அவர் உடம்பிலிருந்த பச்சைகளைப் படத்திலிருந்து அழித்துவிட்டு அச்சிட்டது. அவர் கோபப்பட்டார். என் உடம்பில் என் அம்மாவின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் இருக்கின்றன, அதை அழிக்க நீங்கள் யார் என்கிற கோபம். நியாயமான கோபம் என்பேன்.

2005 அக்டோபரில் அப்போதைய லீக் தலைவர் டேவிட் ஸ்டெர்ன் உடைக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். முந்தைய வருஷம் டெட்ராய்ட்டில் வீரர்களும் பார்வையாளர்களும் அடித்துக்கொண்ட பிறகு லீக்கின் பெயரைச் சரிசெய்யும் முயற்சி. சட்டைக்கு மேல் தெரிகிற சங்கிலி கூடாது, தலைத்துணி கூடாது, உள்ளே கூலிங் கிளாஸ் கூடாது. விதியில் பெயர் எழுதவில்லையே தவிர யாரை நினைத்து எழுதினார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இன்று வீரர்கள் அரங்குக்குள் நடந்து வருகிற உடையைப் படம் பிடிக்கத் தனியாகக் கேமரா நிற்கிறது. கை முழுக்கப் பச்சை இல்லாத ஆட்டக்காரரைத் தேட வேண்டியிருக்கிறது. முழங்கையில் வீக்கம் என்பதற்காக 2001இல் அவர் மாட்டிய அந்தக் கை உறையை எங்கள் ஊர் ஏழாம் வகுப்புப் பையன்கூட மாட்டிக்கொண்டு வருகிறான்.

பதினொன்றாம் வகுப்பில் நானும் பின்னலுக்காக முடி வளர்த்தேன். நாலு விரல் நீளம்கூட வரவில்லை. மைதானத்தில் எல்லார் முன்னாலும் உட்கார வைத்துக் கத்தரியால் வெட்டிவிட்டார்கள். அன்று சாயங்காலம் தொப்பி போட்டுக்கொண்டு போய் ஆடினேன்.

ஆனால் எல்லாவற்றையும் முடிக்காகவும் நிறத்துக்காகவும் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1997இல் அவர் பயணம் செய்த காரில் துப்பாக்கியும் கஞ்சாவும் பிடிபட்டன. துப்பாக்கிக் குற்றத்தை அவர் எதிர்த்து வாதாடவில்லை, கண்காணிப்பில் வைக்கப்பட்டார். 2000இல் அவர் பதிவுசெய்த ராப் பாட்டில் பெண்களையும் ஓரினச் சேர்க்கையாளர்களையும் இழிவாகப் பேசியிருந்தார். ஸ்டெர்ன் கூப்பிட்டுப் பேசினார், ஆல்பம் வெளியாகவே இல்லை. அந்த வரிகளுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. என் மகளுக்கு முன்னால் அதைப் போட மாட்டேன். 2002 ஜூலையில், மனைவியைத் தேடி உறவினர் வீட்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்து மிரட்டினார் என்று 14 குற்றச்சாட்டுகள் வந்தன. எதுவும் நிற்கவில்லை. அந்த பிராக்டீஸ் பேட்டிக்கு இரண்டு மாதம் கழித்து இது. சரிந்துகொண்டே போகிறது என்று அவர் சொன்னது உண்மைதான் போலிருக்கிறது.

மே 15

சிலையைக் கேலி செய்து படம் அனுப்பியவருக்கு: போன மாதம் கேம்டனில், சிக்ஸர்ஸ் பயிற்சி வளாகத்துக்கு வெளியே திறந்த சிலை அது. சின்னதாக இருக்கிறதே என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த வரிசையில் வில்ட் சேம்பர்லின், ஜூலியஸ் எர்விங் சிலைகளும் இருக்கின்றன. எல்லாம் ஒரே அளவுதான். இவருக்கென்று குறைத்துச் செய்யவில்லை.

மே 18

கடைசிக் காலம். இதை எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

2006 டிசம்பரில் பிலடெல்ஃபியா அவரை டென்வருக்கு அனுப்பியது. 2008 நவம்பரில் டென்வர் அவரை டெட்ராய்ட்டுக்கு அனுப்பி சான்சி பில்லப்ஸை வாங்கியது. அந்த சீசனிலேயே டென்வர் மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்று வரை போனது. டெட்ராய்ட்டில் ஐவர்சனைத் தொடக்கத்தில் இறக்காமல், பெஞ்சில் உட்கார்ந்திருந்து நடுவில் மாற்று ஆட்டக்காரராக இறங்கச் சொன்னார்கள். அதற்குப் பதில் ஓய்வு பெறுவேன் என்றார். அடுத்து மெம்பிஸ், அங்கே மூன்றே மேட்ச், அதே பிரச்சினை.

இந்த இடத்தில் அவரைத் தாங்கிப் பேச எனக்கு வார்த்தை வரவில்லை. வேகம் குறைந்துவிட்டது, உடம்பில் அடிபடாத இடம் இல்லை. அரை மணி நேரம் ஆடி 12 புள்ளி எடுத்துக்கொடுத்திருந்தால் இன்னும் நான்கு வருஷம் ஆடியிருக்கலாம், ஒருவேளை ஒரு கோப்பையும் கிடைத்திருக்கலாம். ஆறடி உயரத்தை வைத்துக்கொண்டு ஏழடிக்காரர்களுக்கு நடுவே தினமும் புகுந்து போக எந்தப் பிடிவாதம் தேவைப்பட்டதோ அதே பிடிவாதம்தான் அவரை பெஞ்சில் உட்கார விடவில்லை. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கழற்றிவிட முடிந்திருக்குமா என்று எனக்குத் தோன்றவில்லை.

2009 டிசம்பரில் பிலடெல்ஃபியாவே திரும்பக் கூப்பிட்டது. முதல் நாள் தரையில் குனிந்து அந்த அணிச் சின்னத்தை முத்தமிட்டார். மூன்று மாதத்துக்குள் மகளுக்கு உடல்நிலை சரியில்லை என்று விலகினார். அதன் பிறகு துருக்கியில் கொஞ்ச நாள். 2013இல் ஓய்வு.

பணம். சம்பளமாக மட்டும் 15 கோடி டாலருக்கு மேல் வாங்கியவர். 2012இல் ஒரு நகைக்கடைக்குத் தர வேண்டிய கடனுக்காக நீதிமன்றம் அவர் வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கச் சொன்னது. சின்ன வயதிலிருந்து கூட இருந்த ஒவ்வொருவரையும் தோளில் சுமந்தார், கூட்டத்தோடு பயணம், கூட்டத்தோடு சாப்பாடு. ரீபாக் நிறுவனத்தோடு போட்ட வாழ்நாள் ஒப்பந்தத்தில் 3.2 கோடி டாலர் 55 வயது வரை தொட முடியாதபடி வைக்கப்பட்டிருப்பதாகச் செய்திகள் வந்தன. அப்படி ஒரு நிபந்தனையை யோசித்துப் போட்டவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஐவர்சனின் கை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மே 18, சற்றுப் பிறகு

சோகமாக முடித்துவிட்டேன் என்கிறார்கள். 2016இல் கூடைப்பந்தின் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள், ஷாக்கீல் ஓ'நீல், யாவ் மிங் கூட. மேடையில் ஜான் தாம்ப்சன் பெயரை எடுத்ததுமே குரல் உடைந்துவிட்டது. என் உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி என்றார். இதைப் பாருங்கள். பிராக்டீஸ் வீடியோவைப் பகிர்கிற ஒவ்வொரு தடவையும் இதையும் ஒரு தடவை பாருங்கள்.

மே 19

ஏன் இவ்வளவு வேகமாக எழுதுகிறாய், உனக்கு என்ன ஆயிற்று என்று பழைய நண்பர் ஒருவர் தனியாகக் கேட்டார். முதல் நாள் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

2015. எங்கள் ஊர் சிமெண்ட் கோர்ட். ஒரு ரிங்கில் வலை கிடையாது, மூலைக் கம்பத்தில் ஒரே ஒரு விளக்கு. அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த ஒரு பையன், குள்ளம், காற்று மாதிரி வேகம். மாவட்டப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பத்து நாள் பயிற்சிக்கு வரவில்லை. பதினோராம் நாள் வந்து நின்றான். நான் எதுவும் கேட்கவில்லை. எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, என் போனில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். திறமை இருந்து ஒழுக்கம் இல்லாவிட்டால் இப்படித்தான் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவன் பெயர் "பிராக்டீஸ்". நானே அப்படித்தான் கூப்பிட்டேன். மாவட்டப் போட்டியில் அவனை இறக்கவில்லை. அடுத்த மாதம் அவன் வருவதை நிறுத்திவிட்டான்.

இரண்டு வருஷம் கழித்துத் தெரிந்தது. அவன் அப்பாவுக்கு அந்த நேரத்தில் வேலை போயிருந்தது. பையன் பள்ளி விட்டதும் மாமாவோடு தண்ணீர் கேன் போடப் போயிருக்கிறான். மாடி மாடியாக ஏறி. அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்திருக்கும். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பானா தெரியாது. நான் கேட்கவே இல்லை.

ஐவர்சனின் முழுப் பேட்டியைத் தேடிப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

மே 20

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. "நீங்கள் நல்ல எண்ணத்தில்தானே செய்தீர்கள்" என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எனக்கு அன்று கோபம் இருந்தது, வேறு எந்த எண்ணமும் இல்லை.

அந்தப் பையனோடு ஆடிய ஒருவர் இங்கே படித்துக்கொண்டிருக்கிறாராம். அவன் நம்பரை வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறார்.

மே 22

நடுவே ஒரு சகோதரி கேட்டிருந்தார், கிராஸ் ஓவரைத் தன் மகனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று. அவனுக்குப் பத்து வயதாம். முதலில் பந்தை முழங்காலுக்குக் கீழே வைத்துத் தட்டச் சொல்லுங்கள், பார்வை பந்தில் இருக்கக் கூடாது. சின்ன கிராஸ் ஓவர் ஐம்பது, தோளோடு சேர்ந்து பெரியது ஐம்பது. இரண்டையும் சேர்ப்பது ஒரு மாதம் கழித்து. முதல் வாரத்திலேயே ஐவர்சன் மாதிரி செய்யப் பார்த்துக் கணுக்காலைத் திருப்பிக்கொள்வான், விடாதீர்கள்.

மே 26, இரவு

பேசிவிட்டேன். திருப்பூரில் இருக்கிறான். பனியன் கம்பெனியில் சரக்கு அனுப்புகிற பிரிவில் வேலை. கல்யாணம் ஆகிவிட்டது. குரல் மாறிவிட்டது, என் பெயரைச் சொன்னதும் "சார்" என்று அதே பழைய இழுப்பு.

அந்த நாளைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. "அதெல்லாம் விடுங்க சார்" என்றான். ஞாபகம் இல்லை என்று சொல்லவில்லை.

அப்புறம் அவனாகவே கேட்டான், "இப்போ நம்ம டீம்ல யாரு சார் பாயிண்ட் கார்டு?" ஒன்பதாவது படிக்கிற ஒரு பையன் பெயரைச் சொன்னேன். உயரம் எவ்வளவு என்றான். உன்னைவிட இரண்டு விரல் குறைச்சல் என்றேன். ஆடிக்கு ஊருக்கு வரும்போது கோர்ட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறான். ஷூ சைஸ் கேட்டு வைத்துக்கொண்டேன், எட்டு.